யாருமற்றவர்களுக்கும் ஒரு கை தண்ணீர்

முன்னோர்களுக்கு எள்ளும் தண்ணீரும் விடும் அமாவாசைத் தர்ப்பணத்தை அரக்கப்பரக்க முடித்துவிட்டு ஆபீஸுக்கு ஓடுகிறவர்கள்தான் நம்மில் அதிகம், ஆனால் மந்திரத்தைக் கொஞ்சம் கவனித்தால் விஷயம் இருக்கிறது. அப்பா, தாத்தா, கொள்ளுத்தாத்தா மூவரையும் வசு, ருத்ர, ஆதித்ய தேவர்களின் ரூபமாக, கோத்திரமும் பெயரும் சொல்லி அழைத்து, பூணூலை இடம் மாற்றிக்கொண்டு, 'ஸ்வதா நமஸ் தர்ப்பயாமி' (வணங்கித் திருப்தி செய்கிறேன்) என்று கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே எள்ளும் தண்ணீரும் வழிய விடுகிறோம். அப்புறம் பாட்டிமார்கள், அம்மா வழி மூதாதையர்.

எனக்குப் பிடித்த இடம் கடைசியில்தான் வருகிறது. தர்ப்பைப் புல்லை முடிந்து செய்த கூர்ச்சத்தைப் பிரித்து, 'யேஷாம் ந மாதா ந பிதா' என்று தொடங்கி, தாய், தந்தை, உறவு, கோத்திரக்காரர் என்று யாருமே இல்லாதவர்களுக்கும் தண்ணீர் விடுகிறோம். முன்பின் தெரியாதவர்களுக்கு! இதைப் போய், சடங்கை நடத்திவைக்கும் சில வாத்தியார்கள் மூச்சுவிடாமல் ஓட்டிவிடுகிறார்கள், இங்கேயாவது நிறுத்திச் சொல்லக்கூடாதா?