கீழே பார்த்தாலும் அதே நீலம்

பனி விலகிய காலையில் இலங்கை மலையகத்தின் அப்புத்தளையிலிருந்து தெற்கே பார்த்தால் தாழ்நிலம் முழுவதும் நீலமாகத் தெரியும். தாழ்நிலத்து வெல்லவாயவிலிருந்து பஸ்ஸில் ஏறி வரும்போதோ நம் மலைதான் நீலம். இதில் ஒரு கேள்வி இருப்பது பழைய சீனத் தத்துவ நூலான சுவாங்சியை வாசித்த பிறகே எனக்கு உறைத்தது.

அந்நூலின் முதல் அத்தியாயத்தில் குன் என்னும் மீன் பெங் என்னும் பறவையாக மாறி 90,000 லீ (பழைய சீனத் தூர அளவு) உயரம் எழும்புகிறது. மரத்துக்கு மரம் தாவுவதற்கே பாடுபடும் சில்வண்டும் சிறு புறாவும் அதைப் பார்த்துச் சிரிக்கின்றன. கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் இந்தச் சிரிப்போடு நிறுத்திவிடுவார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது இடையில் வரும் ஓர் ஐயம்: வானத்தின் நீலம் அதன் சொந்த நிறமா, எல்லையற்ற தூரத்தால் வந்ததா? மேலிருந்து பெங் பார்த்தாலும் கீழே இப்படித்தானே தெரியும்?

ஐரோப்பாவில் 1757இல் பர்க்கும் 1790இல் கான்ட்டும் என்ற தத்துவவாதிகள் மலைப்பூட்டும் பிரமாண்டத்தை அச்சத்தோடு சேர்த்தே விளக்கினார்கள். ஆனால் பார்ப்பவர் ஆபத்தில்லாத இடத்தில் நிற்க வேண்டும். தேயிலை முதலாளி லிப்டன் தம் தோட்டங்களைப் பார்வையிட அமர்ந்ததாகச் சொல்லப்படும் 'லிப்டன் சீட்' அப்படிப்பட்ட இடந்தான். அம்மாவின் வாயில் 'மலைக்குப் போறேன்' என்றால் வேலைக்குப் போவது. மாலையில் அவர் கூடையை இறக்கும்போது கயிறு அழுந்திய தடம் தலையில் இருக்கும்.

கன்பூசியஸ் சீனாவின் 'தாய்' (Tai) மலையில் ஏறியபோது உலகமே அவருக்குச் சிறிதாகத் தெரிந்தது என்கிறார் அவர் வழிவந்த சிந்தனையாளர் மென்சியஸ். அதிலும் உச்சியில் ஓர் இருக்கை மிஞ்சத்தான் செய்கிறது. சுவாங்சியின் 17ஆம் அத்தியாயம் அதையும் விட்டுவைக்கவில்லை. இலையுதிர்கால வெள்ளத்தில், எதிர்க்கரையில் நிற்பது மாடா குதிரையா என்று தெரியாத அளவுக்கு அகன்றுவிட்ட மஞ்சள் ஆற்றின் தெய்வம், தன்னை மிஞ்சியது எதுவுமில்லை என்று பூரித்து, கடலைக் கண்டதும் வெட்கப்படுகிறது. வடகடலின் தெய்வமோ, வானுக்கும் மண்ணுக்கும் இடையில் தானும் பெருமலையில் கிடக்கும் சிறு கல்லே என்கிறது. அப்படியானால் வானும் மண்ணும் பெரியவை, மயிர்நுனி சிறியது என்று கொள்ளலாமா என்று ஆறு கேட்கிறது. கூடாது என்பதே பதில்.

ஒருமுறை லிப்டன் சீட்டில் நின்று கீழே பார்த்தேன். பனிக்குள் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்தவர்களில் அம்மா யார் என்று தெரியவில்லை.