காய்ச்சல் இல்லாமல் குறைந்த தட்டணுக்கள்

முழங்காலுக்குக் கீழே குண்டூசி முனையளவில் சிவப்புப் புள்ளிகள் தோன்றியபோது கொசுக்கடி என்றே நினைத்தேன். விரலால் அழுத்தினாலும் அவை மறையவில்லை. பல் துலக்கும்போது ஈறிலும் ரத்தம் கசிந்தது. பரிசோதனையில், ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் (பிளேட்லெட்), ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 1.5 லட்சத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டியவை, 14,000 மட்டுமே இருந்தன. செய்தி பரவிய அன்று மாலையே பப்பாளி இலைச் சாறும் நிலவேம்புக் கசாயமும் வீடு வந்து சேர்ந்தன. தட்டணு குறைந்தால் டெங்கு என்பது நம் ஊர்க் கணக்கு. எனக்கோ ஒரு நாள்கூடக் காய்ச்சல் அடிக்கவில்லை.

ரத்தவியல் மருத்துவர் முதலில் அந்த எண்ணையே நம்பவில்லை. ரத்தம் உறையாமலிருக்கச் சோதனைக் குழாயில் சேர்க்கும் இ.டி.டி.ஏ. என்ற பொருள் சிலருடைய தட்டணுக்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்துவிடும் என்பதாலும், அப்படி ஒட்டிய திரள்களை இயந்திரம் சரியாக எண்ணாது என்பதாலும், ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் பூசி நுண்ணோக்கியில் பார்க்கச் சொன்னார். என் விஷயத்தில் குறைவு உண்மைதான். ஹெச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ் சி முதலியவற்றை ஒவ்வொன்றாக விலக்கிய பிறகே ஐ.டி.பி. என்று முடிவு செய்தார்: உடலின் எதிர்ப்பாற்றலே தட்டணுக்களைப் பகையாகக் கருதி, பெரும்பாலும் மண்ணீரலில் அழித்துவிடுகிறது. ஏற்றப்படும் தட்டணுக்களுக்கும் அதே கதி என்பதால், ஆபத்தான ரத்தக்கசிவு இருந்தாலொழிய ஏற்றுவதில்லை என்றார். உறவினர்களுக்கு இதைப் புரியவைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது.

நாளொன்றுக்கு 60 மில்லிகிராம் பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை தொடங்கினேன். எண்ணிக்கை ஏறியது, கூடவே முகம் உப்பியது, சர்க்கரை ஏறியது, தூக்கம் போயிற்று. மருந்தைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தியபின் எண்ணிக்கை மீண்டும் 38,000-க்கு இறங்கியபோது, மறுபடி மாத்திரை தருவார் என்று எதிர்பார்த்தேன். 30,000-க்கு மேல் இருந்து ரத்தக்கசிவும் இல்லையென்றால் பெரியவர்களுக்குப் பெரும்பாலும் கண்காணிப்பே போதும் என்று அனுப்பிவிட்டார். சிகிச்சையைவிட இந்தச் சும்மா இருத்தலே எனக்குக் கடினமாக இருந்தது. சொல்லாமல் இருமுறை ஆய்வகத்துக்கு ஓடியிருக்கிறேன்.

இப்போது மாதம் ஒருமுறைதான் பரிசோதனை. வலிக்கு ஆஸ்பிரினும் இபுபுரோஃபெனும் தொடுவதில்லை, பாரசிட்டமால் மட்டுமே. பல் பிடுங்குவதென்றால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். கடுந்தலைவலி, கருநிற மலம், வாய்க்குள் ரத்தக் கொப்புளம் ஆகியவற்றில் எது வந்தாலும் எண்ணுக்குக் காத்திராமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும் என்று எழுதிய சீட்டைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருக்கிறேன். கடைசி எண்ணிக்கை 46,000. குளிக்கும்போது முதலில் கணுக்காலைத்தான் பார்க்கிறேன்.