11-ஆ, 12-ஆ

“ஒண்ணுதானே மேடம் குறையுது?” என்றார் சர்ஜன். மிரட்டவில்லை, கெஞ்சவும் இல்லை. டீ சொல்லட்டுமா என்கிற குரல். அதனால்தானோ என்னவோ அது இன்னும் காதில் கிடக்கிறது.

அவர் வெட்டி அனுப்பிய குடல் துண்டு எங்கள் பேத்தாலஜி மேஜைக்கு வந்திருந்தது. சிக்மாய்டு, அதாவது பெருங்குடலின் இடது கீழ்ப்பகுதியில் புற்றுநோய். கட்டி தசையைத் தாண்டிக் கொழுப்பைத் தொட்டிருந்தது. நோய் பரவியிருக்கிறதா என்று சொல்ல அதிலுள்ள நிணநீர்க் கணுக்களைத் தேடி எண்ணிப் பார்க்க வேண்டும், குறைந்தது 12. முதல் நாள் தேடியதில் 8. மறுநாள் மிச்சக் கொழுப்பை மெல்லிசாக அரிந்து, ஒவ்வொரு துண்டையும் இரு விரல்களுக்கு நடுவே வைத்து நசுக்கிப் பார்த்ததில் இன்னும் 3. எல்லாம் கடுகைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். எதிலும் நோய் இல்லை.

சர்ஜன் கேட்டது இன்னொன்றைப் பற்றி. ஒரு ஸ்லைடில் நிணநீர்ச் செல்கள் உருண்டையாகக் கூடியிருந்தன. சுற்றி உறை இல்லை, உறைக்கு அடியில் இருக்க வேண்டிய சைனஸ் என்கிற இடைவெளியும் இல்லை. கட்டியின் ஓரத்தில் இப்படிக் கூட்டம் சேர்வது சகஜம். கணு என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. “11தான் சார்” என்றேன்.

இந்த 12 எங்கிருந்து வந்தது? 1990-ல் சிட்னியில் கூடிய உலக இரைப்பை-குடலியல் மாநாட்டின் பணிக்குழு சொன்னது. அதற்குக் குறைந்தால், பரவல் இல்லை என்று நம்பிக்கையாகச் சொல்ல முடியாது. எங்கோ ஒரு கணு கைக்குச் சிக்காமல் போயிருக்கலாம். ஆகவே கணுக்களுக்குப் பரவாத இரண்டாம் நிலையிலும் கீமோ பற்றி யோசிப்பார்கள். நியாயம்தான். ஆனால் 11-க்கும் 12-க்கும் நடுவில் நோய் ஒன்றும் கோடு போட்டு வைத்திருக்கவில்லையே.

எண்ணிக்கை குறைந்தால் சர்ஜன் எங்களைப் பார்ப்பார், நாங்கள் சர்ஜனைப் பார்ப்போம். ரத்தக்குழாயை எவ்வளவு மேலே கட்டினார், எத்தனை நீளம் வெட்டினார் என்பது அவர் பக்கம். அந்தக் குடல் துண்டு குட்டைதான், அதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஃபார்மலினில் எத்தனை நேரம் ஊறியது, யார் உட்கார்ந்து தேடினார்கள், அன்றைக்கு மேஜையில் இன்னும் எத்தனை டப்பா காத்திருந்தது என்பதெல்லாம் எங்கள் பக்கம். இரண்டு பக்கமும் சேராததும் உண்டு: வயதானவர்களிடம் குறைவாகவே கிடைக்கும், வலது பக்கக் குடலைவிட இடது பக்கத்தில் குறைவு, மலக்குடலுக்குக் கதிர்வீச்சு கொடுத்திருந்தால் கணுக்களே சுருங்கிப்போகும். வெட்டிய கையோடு தமனி வழியாக மெத்திலீன் நீலம் ஏற்றினால் சின்னக் கணுக்களும் பளிச்சென்று தெரியும். எங்களுக்கு வருவதோ ஃபார்மலினில் ஊறியபடி. இந்த நோயாளிக்கு எழுபதைத் தாண்டிய வயது, இடது பக்கம். 11 என்பது குறைவே இல்லை என்று வாதாடலாம். எனக்குள் பலமுறை வாதாடியும் இருக்கிறேன்.

மெழுகில் பதித்த திசுத் துண்டை, பிளாக் என்போம், வாங்க நோயாளியின் மகள் வந்தபோது கீமோ தொடங்கியிருந்தது. “நைனா காசிமேட்டுல ஐஸ் ஒடைக்கிறவரும்மா. இப்ப ஐஸத் தொட்டாலே கரண்ட் அடிக்குதுன்றாரு. கட்டி எங்கயும் பரவலன்னுதானே எழுதிகீறீங்க, அப்புறம் எதுக்கும்மா இந்த மருந்து?”

ஆக்சாலிபிளாட்டின் அப்படித்தான் செய்யும், குளிர்ச்சி பட்டால் விரல் நுனியில் சுரீரென்று இழுக்கும். டாக்டரிடம் சொல்லுங்கள், மருந்தை மாற்றவோ குறைக்கவோ பார்ப்பார் என்றேன். மருந்தை முடிவு செய்தது நான் இல்லை, கட்டியின் ஆழத்தையும் வேறு சிலவற்றையும் பார்த்துத்தான் கொடுத்திருப்பார்கள். ஆனாலும் ரிப்போர்ட்டில் ‘போதிய எண்ணிக்கை இல்லை’ என்ற வரி என்னுடையது.

அந்த ஸ்லைடை இரண்டு பேரிடம் காட்டினேன். ஒருவர் எண்ணியிருப்பேன் என்றார், மற்றவர் மாட்டேன் என்றார். இரண்டாமவர் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது, அதையே வைத்துக்கொண்டேன்.

போன மாதம் வலது பக்கக் குடல் ஒன்று வந்தது. 16 கணுக்கள் கிடைத்த பிறகு, கிட்டத்தட்ட அதே மாதிரி ஒரு கூட்டம், உறை இருக்கிறதா இல்லையா என்று தெரியாதபடி. யோசிக்காமல் 17 என்று எழுதிவிட்டு அடுத்த ஸ்லைடை எடுத்தேன்.