வெள்ளிக்கிழமை வராந்தா

பள்ளியில் நமக்கு ஓவியம் சொல்லிக்கொடுத்த ஆசிரியர், நம் மாஷ், மறைந்துவிட்டார் என்று ஊரிலிருந்து செய்தி வந்தபின், இந்த மலருக்கு வேறெதையும் எழுத எனக்கு மனம் வரவில்லை. எந்த மாஷ் என்று நம்மவர்களுக்குச் சொல்ல வேண்டாம். கஞ்சியும் பயறும் முடிந்து, வெள்ளிக்கிழமை நீண்ட இடைவேளைக்குப் பிறகு, சார்ட் தாள்களை ஒட்டி வராந்தா முழுக்க விரித்துவைத்துக் காத்திருப்பாரே, அவர்தான்.

பேசக் கூடாது, ரப்பர் கூடாது. அவர் ஸ்கேலால் தூணைத் தட்டியதும் எல்லோரும் ஓர் இடம் வலப்பக்கம் நகர்ந்து, அடுத்தவன் விட்ட கோட்டிலிருந்து தொடர வேண்டும். நான் பனை வரையத் தொடங்கியிருப்பேன். சுற்றி வரும்போது அது மயிலாகி, மயிலின் கழுத்தில் வேலந்தாவளம் பஸ் ஏறிக்கொண்டிருக்கும். முதலில் அழுதவர்கள் உண்டு. "உன் பனை எங்கேயும் போகவில்லை, அதற்குள்தான் இருக்கிறது, பார்" என்பார். பார்த்தால் இருக்கும்.

1925 வாக்கில் பாரிஸில் சர்ரியலிசக் கவிஞர் ஆந்த்ரே பிரெதோனும் நண்பர்களும் தாளை மடித்துக் கைமாற்றி, முன்னவர் வரைந்ததைப் பார்க்காமலே ஓர் உருவத்தை முடித்தார்கள் என்று அவர் சொல்லித்தான் தெரியும். ஆனால் மறைப்பதில் அவருக்கு உடன்பாடு இல்லை. அங்கே எதிர்பாராதது வர வேண்டும் என்று மறைத்தார்கள். நமக்கோ அடுத்தவன் கோட்டை உற்றுப் பார்ப்பதுதான் பாடம்.

பகவதி கோயிலுக்கு, தரையில் வண்ணப் பொடிகளால் தெய்வ உருவம் வரையும் களமெழுத்தைப் பார்க்க, மாஷ் அழைத்துப் போனது நினைவிருக்கிறதா? அரிசி மாவு, உமிக்கரி, மஞ்சள், மஞ்சளில் சுண்ணாம்பு கலந்த சிவப்பு, இலைப்பொடிப் பச்சை. விரலிடுக்கில் பொடியை ஒழுகவிட்டுப் பலர் சேர்ந்து பத்ரகாளியை வளர்த்தார்கள். சடங்கின் முடிவில் களத்தை அழித்தும்விட்டார்கள். அங்கே மரபு எல்லாக் கைகளையும் சேர்த்துப் பிடித்திருக்கிறது, நமக்கு அது இல்லை, கவனம் ஒன்றுதான் உண்டு என்றார் மாஷ். தோல்பாவைக்கூத்தே நமக்கு நெருக்கம் என்பார். கம்பன் பாட்டு மாறாது. ஆனால் பாட்டை ஒட்டித் திரைக்குப் பின்னால் கேள்வியும் மறுமொழியுமாகப் பேச்சு வளர்ந்துகொண்டே போகும்.

ஆண்டு விழாக் கண்காட்சியை மறக்க முடியாது. பார்வையிட வந்த அதிகாரி, "யார் வரைந்தது?" என்று கேட்டார். "வகுப்பு வரைந்தது" என்றார் மாஷ். பெயரில்லாத படம் கணக்கில் வராது என்று, நம் கண் முன்னாலேயே அதைக் கழற்றச் சொன்னார்கள். ஏதாவது ஒரு பெயரை எழுதிக் கொடுத்திருந்தால் படம் சுவரிலேயே இருந்திருக்கும். மாஷ் எழுதவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமையும் தாள் விரிந்தது.

அதனால்தான், அவர் பெயரில் சிறந்த ஓவிய மாணவருக்குப் பரிசு என்ற யோசனையைச் சங்கம் கைவிட வேண்டுகிறேன். அந்தப் பணத்தில் வகுப்புக்குத் தாளும் வண்ணமும் வாங்குவோம்.

சென்னையில் படித்தவர் அவர். 1966-இல் கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் உருவான சோழமண்டலத்தைப் பற்றி, ஓவியர்கள் மெழுகிட்டுச் சாயமேற்றும் பாத்திக் துணி செய்து விற்றுத் தங்களுக்கென்று ஒரு கிராமத்தையே அமைத்துக்கொண்டதைப் பற்றிச் சொல்லும்போது அவர் குரலே மாறிவிடும். ஆனாலும் அவர் நம்மோடுதான் இருந்தார். நாங்கள்தான் கிளம்பினோம்.

ஷார்ஜாவிலும் சேர்ந்து வரையும் குழுக்கள் உண்டு, போகிறேன். நல்லவர்கள். ஆனால் ஒருவர் கை மற்றவருக்குப் பழகுவதற்குள் விசா முடிந்து போய்விடுகிறார். நம் வகுப்பில் கோட்டின் அழுத்தத்தைப் பார்த்தே ஆளைச் சொல்வோம். ஊரில் தங்கிவிட்ட தோழர்கள் ஓணம் விடுமுறைதோறும் மாஷுடன் நூலகச் சுவரில் வரைந்து வந்தார்கள். படங்களை அனுப்புவார்கள். எந்தக் கோடு யாருடையது என்று இப்போது என்னால் சொல்ல முடியவில்லை. வேலைக்காகப் புறப்பட்டபோது வீட்டில் இருந்த காரணங்கள் இன்றும் சரியானவையே. இருந்தும், அந்தச் சுவரில் என் கை ஓரிடத்திலாவது பட்டிருக்க வேண்டும் என்று மனம் கேட்டுக்கொண்டே இருக்கிறது.