அரைக்கை ஜாக்கெட்

ஜூன் 5, வியாழன்

நாகர்கோவில் போய் தோல் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தேன். வெண்புள்ளி இப்போது இரண்டு மணிக்கட்டையும் சுற்றி வளையல் போட்ட மாதிரி வந்திருக்கிறது. டாக்டர் கையைவிட ஜாக்கெட்டைத்தான் அதிக நேரம் பார்த்தார். முழுக்கை, மணிக்கட்டில் ஊக்கு வைத்து இறுக்கி நானே தைத்தது. துணி இறுகி உரசுகிற இடத்திலும் காயம் படுகிற இடத்திலும் சிலருக்குப் புதிதாகப் புள்ளி வரும், அதற்கு கோப்னர் விளைவு என்று பெயர், தளர்வாகப் போடுங்கள் என்றார். நிறமி இல்லாத தோல் வெயிலில் சீக்கிரம் பொசுங்கும், அதனால் வெளியே போனால் சன்ஸ்கிரீன் தடவச் சொன்னார். மறைக்கப் போட்ட கையே இதை வளர்க்கும் என்றால் அது எனக்கு எதற்கு?

ஜூன் 9, திங்கள்

கரும்பச்சை காட்டனில் அரைக்கை வைத்து ஒன்று தைத்து இன்று போட்டுக்கொண்டேன். கை ஓரத்தை மடித்து கைத்தையல் போட்டேன், மெஷின் தையல் தோலில் குத்தும். அளவு ஜாக்கெட் கொண்டுவந்த அக்கா, “மீனும் மோரும் சேத்து தின்னியா மக்ளே?” என்று கேட்டார். இந்த ஊரில் எல்லாருமே மீன் சாப்பிடுகிறோம், மோரும் குடிக்கிறோம், எல்லாருக்குமா வந்திருக்கிறது? உடம்பின் எதிர்ப்பு சக்தியே நிறம் கொடுக்கிற செல்லை அழித்துவிடுகிறது, தொட்டால் ஒட்டாது, உலகத்தில் சுமார் நூற்றில் ஒருவருக்கு இருக்கிறது என்று சொன்னேன். “அப்படியா” என்றவர், துணியை மட்டும் என் கையில் தராமல் மேசையில் வைத்துவிட்டுப் போனார். போகட்டும். தைக்கத்தான் கொடுத்திருக்கிறார்.

ஜூன் 16, திங்கள்

தங்கச்சியைப் பெண் பார்க்க வருகிற ஞாயிற்றுக்கிழமை வருகிறார்கள். சித்தி காலையிலேயே வந்து அடுக்களையில் நின்றுகொண்டு மெதுவாகச் சொன்னார், “அன்னைக்கு மட்டும் முழுக்கை போடு, இல்லேன்னா உள் ரூம்லயே இரி. நாலு ஆளு வரப்பட்ட இடமில்லா?” அன்புள்ளவர்தான். அம்மா போன பிறகு எங்கள் இருவருக்கும் தலைவாரி விட்டவர். ஆனாலும் என் வீட்டில், என் தங்கச்சிக்கு வைக்கிற காப்பியை நான் கொண்டுவரக் கூடாது என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. சரி என்று நான் சொல்லவில்லை.

ஜூன் 20, வெள்ளி

அய்யா வைகுண்டரின் கோயிலான சாமிதோப்பு பதிக்குப் போனேன், மழை தூறிக்கொண்டே இருந்தது. பள்ளியறையில் சிலை கிடையாது, கண்ணாடிதான். கும்பிடப் போகிறவர் தன்னையேதான் பார்க்க வேண்டும். சின்ன வயதிலிருந்து பார்க்கிற கண்ணாடி, இன்று வாயோரத்துப் புள்ளியோடு முழுசாகப் பார்த்துவிட்டு வந்தேன். ஆண்கள் தலைப்பாகை கட்டித்தான் உள்ளே போவார்கள். நாடார்களான நம்மவர்கள் தலைப்பாகை கட்டவே கூடாது என்றிருந்த திருவிதாங்கூரில், கட்டிக்கொண்டு வா என்றார் அய்யா. தலையில் என்ன இருக்க வேண்டும் என்று அடுத்தவன் சொல்ல அவர் விடவில்லை.

ஜூன் 22, ஞாயிறு

அரைக்கைதான் போட்டேன். காப்பித் தட்டையும் நானே கொண்டுபோனேன். மாப்பிள்ளையின் அம்மா தம்ளரை எடுக்கச் சற்று யோசித்தார், ஆனால் எடுத்தார். அவர் கேட்கும் முன்னே நானே சொல்லிவிட்டேன், இது வெண்புள்ளி, ஒட்டாது, சில குடும்பங்களில் ஒன்றிரண்டு பேருக்கு வருவதுண்டு, ஆனால் வந்தவருடைய சொந்தக்காரர்களில் பெரும்பாலானவர்களுக்கு வருவதில்லை என்று. மாப்பிள்ளை என் கையைப் பார்த்துத் தலையாட்டினார். சித்தி முறுக்கை எடுத்துவைக்கிற சாக்கில் உள்ளே போனவர் திரும்பி வரவேயில்லை.

ஜூன் 24, செவ்வாய்

தரகர் போன் பண்ணினார். பெண்ணைப் பிடித்திருக்கிறதாம், ஆனால் உடம்பில் வேறு எங்காவது வெள்ளை இருக்கிறதா என்று அவர்கள் வீட்டுப் பெண்கள் ஒருநாள் வந்து பார்த்துக்கொள்ளட்டுமா என்று கேட்டார். அப்பா போனைப் பிடித்தபடியே நின்றார்.

எனக்கு உடம்பெல்லாம் பதறியது. என்னை மூடிக்கொள் என்கிறார்கள், அவளைத் திறந்து காட்டு என்கிறார்கள். இதே மண்ணில்தான் நம் பாட்டிமார் மாரை மறைத்ததற்காக மேல்சாதிக்காரர்கள் தெருவில் சீலையைக் கிழித்தார்கள். 1859 ஜூலை 26 அன்று வந்த திருவிதாங்கூர் அரச அறிவிப்பும்கூட, குப்பாயம் என்கிற மேல்சட்டை போடலாம், மீனவர்களான முக்குவப் பெண்களைப் போல முரட்டுத் துணி சுற்றலாம், மேல்சாதிக்காரிகள் போடுகிற மாதிரி மட்டும் போடக் கூடாது என்றுதான் சொன்னது. மறைக்க விட்டபோதும் எப்படி மறைப்பது என்பதை அவர்களே வைத்துக்கொண்டார்கள். ஜாக்கெட் தைத்துப் பிழைக்கிற எனக்கு அந்த அறிவிப்பைப் படிக்கும்போதெல்லாம் தொண்டை அடைக்கும். எத்தனை அடி வாங்கி வந்த துணி இது!

தங்கச்சி அப்பாவின் கையிலிருந்து போனை வாங்கி, “எங்க வீட்ல யாரும் யாருக்கும் உடம்பக் காட்டப் போறதில்ல அண்ணாச்சி, வேற இடம் பாக்கச் சொல்லுங்க” என்றாள். குரல் நடுங்கியது, ஆனால் சொல்லி முடித்துவிட்டாள்.

ஜூன் 26, வியாழன்

சித்தி இன்னும் என்னோடு பேசவில்லை, நாளைக்கு நானே அவர் வீட்டுக்குப் போகிறேன். நேற்று உலக வெண்புள்ளி நாள், மைக்கேல் ஜாக்சன் இறந்த தேதியில் வைத்திருக்கிறார்கள். அவருக்கும் இது இருந்தது, 1993ல் பேட்டியில் அவரே சொன்னார். அப்பா நேற்று ராத்திரி சாப்பிடும்போது தரகரின் நம்பரை அழித்துவிட்டதாகச் சொன்னார். அப்புறம் தங்கச்சி ஒரு மாம்பழ நிறத் துணியை என் மெஷின்மேல் போட்டு, அவளுக்கும் அரைக்கை வைத்துத் தைக்கச் சொல்லியிருக்கிறாள்.