அண்ணனுக்க கணுக்காலும் ஒத்தக்கால் நிப்பும்

போன ஐப்பசி மழையில எனக்க அண்ணனுக்கு தோட்டத்துல வழுக்கி காலு மடங்கிட்டு. குலசேகரத்துக்கு மேல மலைச்சரிவுல உள்ள ரப்பர் தோட்டம், அவனுக்கு வெட்டு வேலை, அதாவது மரப்பட்டைய கீறி பால் வடிய விடுறது, காலம்பற மூணு மணிக்கு தலையில லைட்ட கட்டிட்டு போனான்னா வெளிச்சம் வரதுக்குள்ள 300 மரம் வெட்டி முடிச்சிருவான், பொறவு பால் எடுத்து பக்கெட்டோட அதே சரிவுல ஏறணும் எறங்கணும். அண்ணைக்கு ஈர எலையில கால வச்சதும் பாதம் உள்பக்கமா மடங்கி வெளிமொழி பக்கம் சடக்குன்னு ஒரு சத்தம் கேட்டுச்சாம்.

எக்ஸ்ரேல எலும்பு முறியல, ஜவ்வுதான் கிழிஞ்சிருக்கு, மூணு வாரம் கால அசைக்காம ரெஸ்ட் எடுங்கன்னு ஒரு ஆஸ்பத்திரியில சொல்லி அனுப்பிட்டாங்க. அவனும் அப்படியே கட்டில்ல கெடந்தான். வீக்கம் வடிஞ்சுது, வேலைக்கு போனான், பத்தே நாள்ல அதே காலு திரும்பவும் மடங்கிட்டு. பொறவு தையிலயும் ஒருக்கா. நம்ம ஊர்ல வர்ம ஆசான்மார்ட்ட கைராசி உண்டு, எண்ணெய் போட்டு கட்டுனதுல வலி நல்லா கொறஞ்சுது, ஆனா சரிவுல எறங்கும்போ காலு என்னைய ஏமாத்துகுலேன்னு சொல்லிட்டே இருந்தான். வெட்டுக்குப் போகாத நாளுக்கு கூலி கெடையாது, மைனி மொகத்தப் பாக்கவே எனக்கு சங்கடமா இருக்கும்.

அப்புறம்தான் நாகர்கோவில்ல பந்து விளையாடுற பயலுவளுக்கு பாக்குற ஒரு பிசியோ பொண்ணுட்ட கூட்டிட்டு போனேன். கனடா பக்கம் இத அத்லெட்டிக் தெரபின்னு தனி படிப்பாவே வச்சிருக்காங்க, நம்ம ஊர்ல ஸ்போர்ட்ஸ் பிசியோன்னு சொன்னாதான் தெரியும். அண்ணன் வாசல்லயே நின்னுட்டு, நான் என்ன பிளேயரா, வா போலாம்ங்கான். அந்த பொண்ணு முதல்ல கேட்டதே, "அண்ணாச்சி, நீங்க எந்த வேலைக்கு திரும்பிப் போணும்?" இதுவரைக்கும் எங்க வலிக்குன்னுதான் எல்லாரும் கேட்டாங்க. இவன் சரிவு, இருட்டு, பக்கெட்டு எல்லாம் சொல்ல சொல்ல அவ ஒண்ணு விடாம எழுதிக்கிட்டா.

ஜவ்வு எலும்ப கட்டி வைக்கிற கயிறு மட்டும் இல்லயாம், பாதம் எப்படி சாஞ்சிருக்குன்னு மூளைக்கு சொல்ற நரம்பு முனைகளும் அதுக்குள்ள இருக்கு, ஜவ்வு கிழியும்போ அந்த சேதி போறதும் கெட்டுப்போகும்னு சொன்னா. 1965-லயே இங்கிலாந்துல ப்ரீமன்னு ஒரு டாக்டர் இத எழுதி, வேற சிகிச்சை எடுத்தவங்கள விட பேலன்ஸ் பயிற்சி செஞ்சவங்களுக்கு கால் ஆட்டம் கொறவா இருந்ததயும் காட்டிருக்கார். ஒத்தக்கால்ல நின்னு கண்ண மூடுங்கன்னா. நல்ல கால்ல அரை நிமிஷம் நின்னவன் அடிபட்ட கால்ல மூணு எண்ணுறதுக்குள்ள சாஞ்சுட்டான். இருட்டுல சரிவுல அவனுக்கு ஏன் கால் மடங்குதுன்னு எனக்கு அப்பதான் வெளங்குச்சு.

பொறவு செவுரு பக்கத்துல நிக்க வச்சு, கணுக்கால் எவ்வளவு மடங்குதுன்னு பாக்க, குதிகால் தூக்காம முழங்கால் முட்ட செவுத்துல தொடச் சொன்னா. நல்ல கால் பெருவெரல் செவுத்துல இருந்து 11 சென்டிமீட்டர் தள்ளி இருந்தும் முட்டு தொட்டுது, மத்த கால் 4-லயே நின்னுட்டு. வீட்ல அந்த எடத்துல சாக்பீஸ் கோடு போட்டு தெனம் பாப்பான், மைனி தரை தொடைக்கும்போ அந்த கோட்ட மட்டும் விட்டுட்டு தொடைப்பா.

மெஷின் ஒண்ணும் கெடையாது. சைக்கிள் டியூப பாதத்துல மாட்டி வெளிய இழுக்கது, திண்ணைப் படியில குதிகால் ஏத்தி எறக்கது முதல்ல ரெண்டு கால்ல அப்புறம் ஒத்தக்கால்ல, பல்லு தேய்க்கும்போ ஒத்தக்கால் நிப்பு, அது பழகுனதும் தலவாணி மேல. வலி பத்துக்கு மூணு வரைக்கும் பரவால்ல, மறுநாள் காலம்பற வீக்கம் கூடுனா கொறச்சிருங்கன்னு சொல்லியிருந்தா. கடைசி மூணு வாரம்தான் முக்கியம், பக்கெட்டுல 10 லிட்டர் வெள்ளம் நெறச்சு வீட்டுக்கு பின்னால உள்ள சரிவுல ஏறி எறங்கணும், முதல்ல பகல்ல, பொறவு லைட்ட கட்டிட்டு இருட்டுல. மேட்சுக்கு அனுப்பும் முன்ன பிளேயர ஓடவிட்டு திருப்பிவிட்டு பாக்காங்கல்லா, அதே மாதிரி இவனுக்க தொழில வச்சு இவன பாத்தா. மூணு மாசம் ஆச்சு. நடுவுல ரெண்டு தடவ வெறுத்துப்போய் விட்டுட்டான், நானும் மைனியும் கெஞ்சி திரும்ப செய்ய வச்சோம்.

இத எழுதுறதே, வலி போச்சுன்னா காலு சரியாயிட்டுன்னு நெனச்சு கடல்லயும் தோட்டத்துலயும் கட்டட வேலையிலயும் போய் திரும்ப திரும்ப அடிபடுறவங்கள நான் தெனம் பாக்கேன், அதான். ஆனா ஒண்ணு, அடிபட்டதும் நாலு அடி எடுத்து வைக்க முடியலன்னாலோ, கணுக்கால் மொழிக்க பின்பக்கம் எலும்ப அழுத்துனா வலிச்சாலோ முதல்ல எக்ஸ்ரே எடுத்துருங்க, 1992-ல ஒட்டாவா டாக்டர்மார் வகுத்த கணக்கு இது, எலும்பு முறிவு இல்லன்னு தெரிஞ்சப்புறம்தான் பயிற்சி எல்லாம்.

அண்ணன் இப்ப வெட்டுக்கு போறான். சாக்பீஸ் கோடு 10 சென்டிமீட்டருக்கு வந்துட்டு. மழ நாள்ல காலம்பற கொஞ்சம் பிடிச்ச மாதிரி இருக்கும்பான், அதுக்கு லைட்ட கட்டும் முன்ன திண்ணைப் படியில நின்னு இருவது தடவ குதிகால் ஏத்தி எறக்கிட்டுதான் எறங்குகான், அந்த சத்தத்துலதான் இப்ப எனக்கு முழிப்பே வருது.