சிநேகிதர் வந்தால் முதலில் சதுப்பு

கொழும்பில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பக்கமிருந்து நகருக்குக் கிழக்கே பத்தரமுல்லை, கொஸ்வத்தை, தலவத்துகொட பக்கம் குடிவந்தவர்களின் வீடு பார்க்கப் பழைய சிநேகிதர் வந்தால், வழக்கமாக நடப்பது இதுதான்: மத்தியானச் சாப்பாடு, பின்னேரம் தியத்த உயன பூங்காவில் ஒரு சுற்று, பாராளுமன்றத்தைத் தூர நின்று ஒரு படம். அது போதாது. இந்தப் பக்கத்துக்கென்று உள்ள செல்வம் சதுப்பு நிலம். அதைப் பின்னேரம் பார்க்க முடியாது. சிநேகிதரை முதல்நாள் இரவே வரச்சொல்லித் தங்கவைத்து, விடியற்காலையில் கூட்டிப்போவதுதான் சரி.

"இது வெறும் சேற்றுக் காணிதானே, நிரப்பினால் பேர்ச் (காணி அளவு) என்ன விலை போகும்" என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். அதற்குப் பதில் அவர்கள் ஊரிலேயே இருக்கிறது. வெள்ளவத்தையிலும் தெஹிவளையிலும் கடலில் விழும் கால்வாய்களை அவர்கள் சின்ன வயதிலிருந்து பார்த்திருப்பார்கள். பாராளுமன்றத்தைச் சூழ்ந்த தியவன்னா ஏரியிலும் கோட்டே, கொலன்னாவைச் சதுப்புகளிலும் தங்கும் மழைநீருக்கு அவையும் வடிகால்கள். இந்தப் பகுதி கடல் மட்டத்தை விட அதிகம் உயரமில்லை. கால்வாய்களின் சரிவும் குறைவு. களனி கங்கை பெருகி நிற்கும்போது அந்தப் பக்கமாக நீரை விடவும் முடியாது. ஆகவே பெருமழை பெய்தால் நீர் எங்காவது காத்திருந்தே ஆக வேண்டும். சதுப்பில் இடமிருந்தால் அங்கே நிற்கும், இல்லாவிட்டால் வீட்டுக்குள் வரும். 2010 நவம்பர் மழையில் பாராளுமன்ற வளாகமே வெள்ளத்தில் நின்றது. அந்தக் கட்டடமும் சதுப்பைத் தோண்டி உண்டாக்கிய ஏரியின் நடுவேதான் இருக்கிறது. ஜெஃப்ரி பாவாவின் வடிவமைப்பு, 1982இல் திறந்தார்கள். 2018இல், ஈரநிலங்களைக் காப்பதற்கான சர்வதேச ராம்சார் உடன்படிக்கையின் கீழ் ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் முதன்முதலாகப் பதினெட்டு நகரங்களுக்குக் கிடைத்தபோது கொழும்பும் அதில் ஒன்று. இவ்வளவையும் வீட்டில் இருந்தே சொல்லிவிடுங்கள். குளக்கரையில் பேச்சு குறைவாக இருப்பது நல்லது.

எங்கே போவது? மூன்று இடம் உண்டு, ஆனால் ஒரு காலைக்கு ஒரு இடம் மட்டும். மூன்றையும் ஓடி ஓடிப் பார்த்தால் ஒன்றும் பார்த்ததாகாது. முழங்கால் வலி உள்ளவர்கள், சின்னப் பிள்ளைகள் இருந்தால் கோட்டேயில் உள்ள பெத்தகான ஈரநிலப் பூங்கா. மரப்பலகை நடைபாதை, காவற்கோபுரம், இருக்கை எல்லாம் உண்டு. உள்நாட்டாருக்கு ஒரு கட்டணம், வெளிநாட்டாருக்கு வேறு. கனடா, லண்டனிலிருந்து வருகிறவர்கள் இரட்டைக் குடியுரிமைச் சான்றோ அடையாள அட்டையோ இருந்தால் கையோடு எடுத்துவரட்டும். மழை பெய்த காலையில் பலகையில் பாசி வழுக்கும். செருப்பு வேண்டாம், அடி பிடிக்கும் சப்பாத்து வேண்டும். தலவத்துகொடயில் தியசருப் பூங்கா இருக்கிறது. அதுவும் நல்லது, ஆனால் ஞாயிறு, போயா (பௌர்ணமி விடுமுறை) நாட்களில் நடைப்பயிற்சிக்கு வருகிறவர்களின் சத்தம் அதிகம்.

ஒன்றையே தேர்வு செய்யச் சொன்னால் தலங்கமக் குளம்தான். நுழைவுச்சீட்டு இல்லை. நெல்வயலுக்கு நீர் கொடுக்கக் கட்டிய பழைய குளம், இன்றும் கீழே வயல் இருக்கிறது. 2007இல் சுற்றாடல் பாதுகாப்புப் பிரதேசமாக வர்த்தமானியில் அறிவித்தார்கள். திறந்த நீர், தாமரை மூடிய பகுதி, வயல், வீட்டுத் தோட்டத்துப் பலா மரங்கள், நான்கும் ஒரு மணி நேர நடைக்குள் அகப்படுவதால் பறவை வகையும் கூடுதல். வாகனம் இல்லாதவர்கள் கொள்ளுப்பிட்டியில் 177ஆம் இலக்க கடுவலை பஸ் எடுத்து, கொஸ்வத்தையில் இறங்கி ஓட்டோ பிடிக்கலாம்.

ஆறு மணிக்குக் கரையில் நிற்க வேண்டும். எட்டரைக்குப் பிறகு வெயில் ஏறும், பறவை நிழலுக்குள் போகும், நீரின் பளபளப்பில் கண் கூசும். சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி நடக்கும் பக்கத்தைத் தீர்மானியுங்கள். எதிர்வெயிலில் எல்லாப் பறவையும் கறுப்பு. ஒக்டோபர் முதல் ஏப்ரல் வரை வலசை வரும் ஆலா, உள்ளான் போன்ற நீர்ப்பறவைகளையும் பார்க்கலாம். ஒக்டோபர், நவம்பரில் பின்னேர இடிமழை வழக்கம் என்பதும் காலையில் போக இன்னொரு காரணம்.

பைனாகுலரில்தான் பெரும்பாலான காலைகள் வீணாகின்றன. ஏசி போட்ட வாகனத்தில் குளிர்ந்த கண்ணாடி, வெளியே எடுத்ததும் வெக்கையில் ஈரம் படிந்து மங்கிவிடும். துடைத்தால் மறுபடி மங்கும், தூசி கீறியும் விடும். கடைசிப் பத்து நிமிடம் ஏசியை நிறுத்தி யன்னலைத் திறந்துவையுங்கள். எட்டு மடங்கு போதும். பத்து மடங்கு எடுத்தால் கை நடுக்கமும் பத்து மடங்கு தெரியும். மூக்குக்கண்ணாடி போட்டவர்கள் கண் வைக்கும் ரப்பர் வளையத்தை உள்ளே திருகிவிட வேண்டும், இல்லையென்றால் சின்ன வட்டம் மட்டும்தான் தெரியும். பிறகு வலக்கண்ணை மூடி, இடக்கண்ணுக்கு நடுச்சக்கரத்தால் தெளிவு கொண்டுவாருங்கள். அடுத்து இடக்கண்ணை மூடி, சக்கரத்தைத் தொடாமல் வலப்பக்க வளையத்தை மட்டும் திருப்புங்கள். இதை வீட்டு வாசலில் ஒவ்வொருவருக்கும் செய்துவைத்தால் குளத்தில் "எங்கே, எங்கே" என்ற அந்தரம் பாதி குறையும். பறவையைக் காட்டும்போது "அந்தா அங்கே" என்று சொல்லாமல், எல்லாருக்கும் தெரிகிற ஒரு கம்பத்தையோ பட்ட மரத்தையோ சொல்லி, அதிலிருந்து மணிக்கூட்டு முள் கணக்கில் திசை சொல்லுங்கள்.

முதலில் காட்ட வேண்டியது நீலத் தாழைக்கோழி. பெரிது, பயப்படாது, புதிதாகப் பார்ப்பவருக்கும் உடனே பிடிபடும். தண்டைக் காலால் பற்றித் தூக்கிப்பிடித்து, உரித்து, உள்ளிருக்கும் மெதுவான பகுதியைத் தின்னும்; அதை ஐந்து நிமிடம் நின்று பார்க்க விடுங்கள். அடுத்து தாமரை இலைகளின் மேல் நீளவால் இலைக்கோழி. நீண்ட விரல்கள் பாரத்தைப் பரப்புவதால் இலை தாழ்வதில்லை. இனப்பெருக்கக் காலம் முடிந்தால் அந்த நீள வால் உதிர்ந்துவிடும், அதனால் வேறு பறவை என்று தவறவிடுவார்கள். முட்டை இட்டதோடு பெட்டையின் வேலை முடிந்தது, அடைகாப்பதும் குஞ்சு பார்ப்பதும் சேவல்தான். நத்தைகுத்தி நாரை அகப்பட்டால் அதன் அலகின் நடுவே உள்ள இடைவெளியைப் பாருங்கள். அது நத்தை ஓட்டை நொறுக்குவதில்லை. கீழ் அலகின் நுனியை உள்ளே செலுத்தித் தசையை அறுத்துச் சதையை இழுத்தெடுக்கிறது.

ஊர்வன பக்கம் வந்தால் சிநேகிதர் எல்லாவற்றையும் உடும்பு என்பார்கள். நீரில் நீந்துவது பெரும்பாலும் கபரகொய்யா என்ற நீர் உடும்பு: உடலில் மஞ்சள் புள்ளி வரிசை, மூக்குத் துவாரம் மூஞ்சியின் நுனிக்குக் கிட்ட. தரை உடும்புக்குத் துவாரம் கீறல் மாதிரி, நுனியிலிருந்து தள்ளிக் கண் பக்கமாக இருக்கும். வழியில் குறுக்கே நின்றால் அதுவாகப் போகும்வரை பொறுங்கள். வாலால் அடித்தால் நோகும்.

கரையோரத்தில் அன்னமுன்னா (சீத்தா) போலக் காய்க்கும் ஒரு சிறு மரம் நெருக்கமாக நிற்பதையும் காட்டுங்கள். சிங்களத்தில் வெல் ஆத்தா. அமெரிக்க வெப்பப் பகுதிகளிலிருந்து வந்தது. விதை மிதந்து பரவுவதால் ஒரு வெள்ளம் போதும், புல்லும் கோரையும் இருந்த திறந்த சதுப்பு அடர்ந்த பற்றையாகிவிடும், தாழைக்கோழிக்கு இடமில்லாமல் போகும். பச்சையாக இருப்பதெல்லாம் நலமாக இருக்கிறது என்று நினைக்கிறவர்களுக்கு இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும்.

நுளம்புக்கு முழுக்கைச் சட்டை, கிறீம். டெங்கு நுளம்பு பகலில் கடிக்கும், அதிலும் காலையிலும் பின்னேரத்திலும் அதிகம். தண்ணீருக்குள் காலை விட வேண்டாம். கொழும்பைச் சுற்றிய ஈரநிலங்களில் முதலை உண்டு. வயல் வரம்பில் நடக்கலாம், ஆனால் காலில் புண்ணோ கீறலோ உள்ளவர் சேற்றில் இறங்கக் கூடாது. எலியின் சிறுநீர் கலந்த நீரால் எலிக்காய்ச்சல் தொற்றும் வழி அதுதான். காய்ச்சல் பெரும்பாலும் இரண்டு கிழமைக்குள் வரும், சிலருக்கு மாதம் வரை எடுக்கும். அதற்குள் சிநேகிதர் டொரொன்டோ திரும்பியிருப்பார். காய்ச்சலும் கெண்டைக்கால் நோவும் கண் சிவப்பும் வந்தால், இலங்கையில் நெல்வயல் சேற்றில் நின்றதை அங்குள்ள டொக்டரிடம் முதல் வசனத்திலேயே சொல்லச் சொல்லி அனுப்புங்கள்.